பிரித்தெடுக்க இருபது நாள் கொடுங்கள்: வடசென்னையில் இடிப்பு டெண்டர் எழுதும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். மாநகராட்சி, வாழ்விட மேம்பாட்டு வாரியம், பொதுப்பணித்துறை, ரயில்வே, துறைமுகம் என்று நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் சரி. திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை எங்கேயாவது ஒரு பழைய கட்டிடத்தை அகற்றுவதற்கு மதிப்பீடு போட்டு, டெண்டர் எழுதி, வேலை முடிக்க இத்தனை நாள் என்று நிர்ணயிப்பவர் நீங்கள் என்றால், இந்த மடல் உங்களுக்குத்தான்.

நான் கொருக்குப்பேட்டைக்காரி. எங்கள் வீட்டு வாசற்கால் பர்மா தேக்கு. தங்கசாலைத் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது அப்பாவின் கூலியில் ஒரு பங்காக வந்தது அது. கூடத்து ஜன்னல் ராயபுரத்து வீடு ஒன்றினுடையது. சமையல் மேடைக் கடப்பாக் கல், பழைய வண்ணாரப்பேட்டையில் மூடிப்போன ஓர் அச்சகத்தின் தரையில் கிடந்தது. மாடிப்படியின் முதல் இரண்டு படி கருங்கல். அது எந்த வீட்டுக் கல் என்று அப்பாவுக்கே இப்போது ஞாபகமில்லை. நானும் தம்பியும் படித்தது இந்தப் பழைய சாமான் கொடுத்த வருமானத்தில்.

அப்பா மேஸ்திரி. கட்டுகிற மேஸ்திரி இல்லை, பழைய வீடு எடுக்கிற மேஸ்திரி. "இடிக்கிறோம்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "வீடு பிரிக்கிறோம்" என்பார். கூரையைப் பிரிக்கிற மாதிரி, தையலைப் பிரிக்கிற மாதிரி. கட்டின வரிசைக்குத் தலைகீழாக வேலை நடக்கும். முதல் நாள் கதவு, ஜன்னல் இறங்கும். பிறகு நிலைகளைச் சுவரிலிருந்து அசைத்து அசைத்துக் கழற்றுவார்கள். அப்புறம்தான் மேலே ஏறுவார்கள்.

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் தளம் எப்படி இருக்கும் என்று உங்களில் இளையவர்கள் பிரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு கனமான அடுக்கு. கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கியது. கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. அப்பாவின் ஆட்கள் இதே அடுக்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தட்டோடு தனி. ஜல்லி தனி, அது அடுத்த வீட்டு மொட்டை மாடிக்குப் போகும். சின்னக் கல் தனி. கட்டையில் கயிறு கட்டி ஒன்றொன்றாக இறக்குவார்கள். ஒன்றுகூடத் தொப்பென்று விழக் கூடாது. விழுந்தால் அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கட்டைகள் வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைகளுக்குப் போகும்.

சுவரையும் வரி வரியாகத்தான் எடுப்பார்கள். சித்தாள் பெண்கள் நிழலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியால் கல்லில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டி எடுப்பார்கள். நூறு கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. என் அம்மா அப்படித் தட்டியவர்களில் ஒருவர். அங்கேதான் அவர்கள் கல்யாணமே நிச்சயமானது. "சுண்ணாம்பு கல்ல விட்டுக்குடுக்கும், சிமெண்ட் விட்டுக்குடுக்காது" என்று அப்பா அடிக்கடி சொல்வார். சிவில் டிப்ளமோ படிக்கும்போதுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மென்மையானது. கூர்மையாக ஒரு தட்டு தட்டினால் கலவை உடையும், கல் பிழைக்கும். சிமெண்ட் அதிகம் சேர்த்த கலவை கல்லைவிடக் கெட்டி. தட்டினால் கல்தான் உடையும்.

கடந்த 22 வருஷமாகச் சின்னச் சின்ன பில்டர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிரிக்கிற கையையும் தெரியும், கட்டுகிற கையையும் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சில மாதம் முன்பு தண்டையார்பேட்டையில் ஒரு நான்கு மாடிக் கட்டிடம் இறங்கியதைப் பார்த்தேன். யாருடைய கட்டிடம், யார் காண்ட்ராக்டர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு பிரேக்கர் வண்டி மேலிருந்து கொத்திக்கொண்டே வந்தது. ஜன்னல் ஜன்னலாகவே இருந்தது. இரும்பு கிரில், மரக் கதவு, கண்ணாடி, பிளாஸ்டிக் குழாய், மின்சார ஒயர், தண்ணித் தொட்டி, யாரோ விட்டுப்போன மெத்தை எல்லாம் சேர்ந்து ஒரே குவியலாக விழுந்தன. பக்கத்துக் குடிசைப் பகுதிப் பெண் ஒருவர் வாசலில் நின்று, "அந்தக் கதவு ரெண்ட மட்டும் எடுத்துக்கிறேன்ப்பா, எவ்ளோன்னு சொல்லு" என்று கேட்டுப் பார்த்தார். சைட்டில் இருந்த பையன் நல்ல பையன். "நேரம் இல்லக்கா. மூணு நாள்ல இடத்த சுத்தமா ஒப்படைக்கணும்" என்றான். கான்கிரீட்டை நொறுக்கிக் கம்பியை மட்டும் உருவி காயலான் கடைக்கு ஏற்றினார்கள். மற்றதெல்லாம் ரப்பீஸ், அதாவது இடிபாட்டுக் குப்பை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கையில் இருந்த தாளில் நாள் இல்லை. அந்தத் தாளை எழுதுபவர்கள் நீங்கள்.

முன்பெல்லாம் பழைய வீட்டை எடுக்கிறவர் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். உள்ளே இருக்கும் தேக்கும் கல்லும் அவ்வளவு பெறும். கான்கிரீட் கட்டிடங்கள் வந்தபின் மதிப்பு கம்பிக்குள் போய் ஒளிந்துகொண்டது. மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒரு கதவை ஒழுங்காகக் கழற்ற இரண்டு ஆள் அரை மணி நேரம் எடுப்பார்கள்; அந்த அரை மணியில் பிரேக்கர் ஒரு அறையையே கீழே போட்டுவிடும். காண்ட்ராக்டர் கணக்குப் பார்க்கிறார். அவர் கணக்கு சரிதான், டெண்டரில் நாளுக்கு மட்டும் விலை இருக்கிறபோது.

அந்த ரப்பீஸ் எங்கே போகிறது என்று வடசென்னையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் புது வீடுகளின் பேஸ்மட்டம் நிரப்பப் போகும். அதில் தப்பில்லை, பழைய வழக்கம். மிச்சம் ராத்திரியில் டிப்பரில் போகும். விடிந்து பார்த்தால் கால்வாய் ஓரத்தில் ஒரு புது மேடு இருக்கும். கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா ஆகியவற்றின் கரையோரம் வசிப்பவர்கள் ஒவ்வொருவரும் இதைப் பார்த்திருக்கிறோம். மெத்தையும் பிளாஸ்டிக்கும் கலந்த மேடு. அதன்மேல் அடுத்த நாள் வீட்டுக் குப்பை சேரும். மழை வந்தால் மேடு கரைந்து கால்வாய்க்குள் இறங்கும். அப்புறம் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம். தூர் வாருவதற்கு இன்னொரு டெண்டர் போடுகிறீர்கள். தூர் வாரி எடுப்பதில் பாதி, யாருடைய வீட்டுச் சுவராகவோ இருந்தது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-ல் வந்த கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குபவர்கள் அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-கலவை என்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டும் என்று சொல்லின. நம் பாஷையில் 300 டன் என்பது ஏறத்தாழ 70 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). ஒரு நடுத்தரக் கட்டிடமே அதைத் தாண்டிவிடும். 2025-ல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. 2026 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து நடைமுறை. கழிவை மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பை அவை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்கள் மேல் வைக்கின்றன. நல்லது. ஆனால் 20,000 சதுர மீட்டர் என்றால் சுமார் 2,15,000 சதுர அடி. எங்கள் பகுதியில் இறங்கும் கட்டிடங்களில் எத்தனை அந்த அளவுக்கு வரும்? மூன்று மாடி வீடு, ஓடு போட்ட பள்ளிக்கூடம், 24 வீடு கொண்ட ஒரு பிளாக், ஒரு பழைய கிடங்கு. வடசென்னை இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் கட்டப்பட்டது. இறங்குவதும் அப்படித்தான். பெரிய விதியின் வலைக் கண்ணில் இவை நழுவிவிடும். உங்கள் டெண்டரின் ஒரு பாராவில் நழுவாது.

நான் கேட்பது இதுதான். இடிக்கும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் வேலை பிரிப்பு: இருபது நாள், கையால், ஆளுக்குக் கூலியோடு, எந்தெந்தப் பொருள் முழுசாக வெளியே வர வேண்டும் என்ற அட்டவணையோடு. அது முடிந்ததை நீங்களே வந்து பார்த்து அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் பிரேக்கர் உள்ளே வர வேண்டும். இடியும் நிலையில் இருக்கிற, ஆள் ஏற்றவே கூடாத கட்டிடத்துக்கு இது பொருந்தாது. அதற்கு விலக்கு எழுதிக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் பொருந்தும்.

அப்படி விலக்கு பற்றி எழுதும்போது எனக்குத் திருவொற்றியூர் அரிவாக்குளம்தான் கண்ணில் வருகிறது. 2021 டிசம்பர் 27. வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 1993-ல் கட்டியது; முப்பது வயதுகூட ஆகவில்லை. விரிசலைப் பார்த்துப் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அதை நினைத்து இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அந்த 24 குடும்பமும் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விட்டது.

அதற்குப் பிறகு பழுதான வாரியக் குடியிருப்புகளை அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை வேகம் பிடித்திருக்கிறது. அது அவசியமான வேலை, அதை எதிர்த்து நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரிய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் இரும்பு கிரில் கேட் இருக்கும். சீட்டுப் பணம் எடுத்துப் போட்டது. அடுப்பு மேடைக்குக் கடப்பாக் கல், குளியலறைக்கு டைல்ஸ், பரண், பால்கனி அடைப்பு, கூடுதலாக ஒரு கதவு. அரசு கொடுத்தது நான்கு சுவரும் கூரையும். வீடாக மாற்றியது குடியிருப்பவர்கள், முப்பது வருஷமாக, கொஞ்சம் கொஞ்சமாக. வாடகை வீட்டுக்கு மாறிப் போகும் அவசரத்தில் அந்த கேட்டை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? பூட்டிவிட்டுப் போகிறார்கள். புது வீடு வரும்போது மறுபடி சீட்டு கட்டுகிறார்கள். பிரிப்பு என்று இருபது நாள் இருந்தால், அந்த கேட்டின் மேல் வீட்டு எண்ணைப் பெயிண்டில் எழுதி ஒரு கிடங்கில் வைக்கலாம். புது வீட்டுச் சாவி கொடுக்கும் அன்றைக்கு அதையும் கையில் கொடுக்கலாம். அவர்களுக்கு வேண்டாம் என்றால்தான் மற்றவர்களுக்கு. அட்டவணையில் முதல் வரியாக இதைப் போடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பொருள் என்றால் அரசுக் கட்டிடத்துக்கு ஆகாது என்ற தயக்கம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். கோட்டையில் தலைமைச் செயலகத்து முகப்பில் நிற்கும் கருங்கல் தூண்களைக் கவனித்திருப்பீர்கள். அவை முதலில் கோட்டையின் கடல்வாசல் பக்கத்துத் தூண் மண்டபத்தில் நின்றவை. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைக் கழற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு அவை திரும்ப வந்தன. கப்பலில் போய், கப்பலில் வந்து, இன்றைக்கும் நிற்கின்றன. உங்கள் அரசாணைகள் எல்லாம் அந்தத் தூண்களைத் தாண்டித்தான் வெளியே வருகின்றன. தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு மதிப்பு அதில் இருக்கிறது என்று எதிரிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

முழுசாக வருபவை போக, மிச்சம் கான்கிரீட்டும் உடைந்த செங்கல்லும் நிறைய இருக்கும். அதுதான் எடையில் பெரும் பங்கு. அதற்காகத்தான் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் தினம் தலா 400 டன் கையாளும் அளவுக்கு மறுசுழற்சி ஆலைகள் வந்தன. காந்தம் கம்பித் துண்டுகளை இழுத்துவிடும், கிரஷர் உடைக்கும், சல்லடை தரம் பிரிக்கும். ஜல்லியும் மணலும் வரும்; அதிலிருந்து தரைக்கல், நடைபாதை ஓரக்கல் செய்யலாம். இந்த ஆலைகளின் வயிறு ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்ப பலவீனம். மெத்தையும் தெர்மாகோலும் மண்ணும் சுண்ணாம்புப் பூச்சும் கலந்து வந்தால் வெளியே வருவதும் அப்படித்தான் இருக்கும். பிரிப்பு முடிந்த கட்டிடத்தின் கான்கிரீட் சுத்தமாக வரும். ஆலைக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி, ஆலைக்கு வெளியே, அந்த இருபது நாளில் நடக்கிறது.

தரம் பற்றி நான் தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன். பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியில் பழைய கலவை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் அது தண்ணீரை அதிகம் குடிக்கும். "இந்த ஜல்லிக்குத் தாகம் ஜாஸ்தி" என்பார் எங்கள் கொத்தனார் ஒருவர். முன்கூட்டியே நனைத்து வைக்காமல் மிக்சரில் போட்டால் சிமெண்டுக்குத் தேவையான தண்ணீரை அது இழுத்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 383, 2016 திருத்தத்தில், கான்கிரீட்டை உடைத்து எடுத்த பெருஜல்லியை எதில் எவ்வளவு சேர்க்கலாம் என்று அளவு கொடுத்தது: கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம், எம் 25 வரையான (எம் எண் கூடினால் பலம் கூடும்) கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம், எம் 15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதும்.

வடசென்னைக்கு இதில் நானாக ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் எல்லாம் கடலோரம். உப்புக்காற்று வாங்கிய கான்கிரீட் இங்கே இருப்பது. கம்பி துருப்பிடித்து, வீங்கி, மேல் கான்கிரீட் பெயர்ந்து விழுவதை நாம் எல்லாக் குடியிருப்பிலும் பார்க்கிறோம். அந்தக் கான்கிரீட்டின் ஜல்லியில் உப்பு இருக்கலாம். குளோரைடு சோதனை செய்யாமல் அதைக் கம்பிக் கான்கிரீட்டில் போட்டால் பழைய நோயைப் புது வீட்டுக்கு ஒட்டவைத்தது மாதிரி ஆகும். ஆகவே என் அபிப்பிராயம், இங்கே எடுப்பதைக் கம்பியில்லாத வேலைக்கு முதலில் கொடுங்கள். தெருவோரத் தரைக்கல், அஸ்திவாரத்துக்குக் கீழே போடும் பி.சி.சி. என்கிற கம்பியில்லாக் கான்கிரீட், குழாய் பதித்தபின் நிரப்பும் வேலை, மழைநீர் வடிகாலுக்கு அடியில் போடும் படுக்கை. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு நடந்த வடிகால் திட்டம் மட்டுமே 700 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு மீட்டருக்கும் கீழே ஒரு பி.சி.சி. படுக்கை உண்டு. இனி போடப்போகும் வடிகால்களின் படுக்கையில் எங்கள் பழைய சுவர்கள் இருக்கட்டும். கால்வாயை அடைத்த அதே பொருள், கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வழியில் கீழே கிடக்கட்டும்.

பழைய கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைந்த முறுக்குக் கம்பியைச் சம்மட்டியால் நீட்டி மறுபடி தளத்தில் போடுகிற சின்ன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அது உருக்கு உலைக்குப் போகட்டும். எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்து என்று நான் சொல்ல வரவில்லை.

அதே போல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வடசென்னை மாடிகளிலும் பட்டறைகளிலும் அது இல்லாத தெரு இல்லை. பிரேக்கர் அதை நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத இழை தெரு முழுக்கப் பறக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்து, உடைக்காமல், முழு ஷீட்டாக இறக்கி, தனியாகக் கட்டி அனுப்ப வேண்டியது அது. பழைய விலைக்கு விற்கவும் கூடாது. கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்காவும் சாதாரண விஷயம் இல்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் கடைசிக் காலத்தில் பத்து படி ஏற முடியாமல் மூச்சு வாங்கினார்கள். அவர்களுக்கு யாரும் முகக்கவசம் கொடுத்ததில்லை, அப்பாவும் கொடுத்ததில்லை. கையால் பிரிப்பது பழைய முறை என்பதால் பழைய பாதுகாப்பின்மையும் கூடவே வர வேண்டியதில்லை. தண்ணீர் தெளிப்பது, கவசம், தலைக்கவசம், உயரத்தில் இடுப்புக் கயிறு இவற்றுக்கான செலவை அந்த இருபது நாளின் மதிப்பீட்டிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். காண்ட்ராக்டரின் நல்ல மனசுக்கு விட்டுவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாதது இல்லை. விலைப்பட்டியலில் இல்லாத ஒரு பொருளை மதிப்பீட்டில் எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். பத்து வருஷம் கழித்து ஒரு தரைக்கல் பெயர்ந்தாலும் "மறுசுழற்சிக் கல் போட்டது யார்" என்று கோப்பைத் தேடுவார்கள். புதுக் கல் பெயர்ந்தால் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் தனி ஒருவரின் துணிச்சலை நம்பி நான் இதை எழுதவில்லை. பிரிப்பு வேலைக்கு ஒரு விலை, மறுசுழற்சி ஜல்லிக்கு ஒரு விலை, இரண்டும் பட்டியலில் ஏற வேண்டும். அரசு ஒப்பந்தங்களில் இத்தகைய பொருட்களை 10 முதல் 20 சதவீதம் வரை கட்டாயமாக வாங்கலாம் என்று 2016 விதிகளே வழி காட்டியிருந்தன. டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டிடத்தில் இடிபாட்டிலிருந்து செய்த கற்கள் 18 லட்சம் போட்டிருக்கிறார்கள். அந்த நகரம் 2009-லேயே புராரியில் ஆலை தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று நான் நம்ப மாட்டேன்.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போன காலத்தில் சாம்பல் கல் என்றால் மேஸ்திரிகள் முகம் சுளிப்பார்கள். "எண்ணூர் சாம்பல்ல வீடு கட்டுறதா?" என்று கேட்டு லாரியைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். 1999-ல் மத்திய அரசு அனல்மின் நிலையச் சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி அறிவிக்கை போட்டது, பிறகு விலைப்பட்டியல்களில் அந்தக் கல் ஏறியது, மதிப்பீடுகளில் வந்தது. இன்றைக்கு எங்கள் சைட் எதிலும் அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எங்கள் ஆற்றில் கொட்டிய சாம்பல் அத்தனையும் கல்லாகிவிடவில்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனால் அந்த வேதனை தெரியும். ஆனாலும் மேஸ்திரியின் மனம் மாறியது காகிதத்தால்தான். உங்கள் காகிதத்தின் பலத்தை நீங்களே குறைத்து எடை போடாதீர்கள்.

கிடங்கு எங்கே என்று கேட்பீர்கள். கொடுங்கையூர் என்று நான் லேசாகச் சொல்லிவிட மாட்டேன். சுமார் 340 ஏக்கர் குப்பையை நாற்பது வருஷமாகச் சுமந்தவர்கள் அந்த ஜனங்கள். நகரத்துக்கு வேண்டாதது எதுவாக இருந்தாலும் வடக்கே அனுப்பு என்ற பழக்கத்துக்கு நானும் எதிரி. ரப்பீஸ் மேடு இன்னொன்று அங்கே வரக் கூடாது. ஆனால் கதவும் ஜன்னலும் கல்லும் ஓடும் அடுக்கி வைக்கிற, கூரை போட்ட, பெருக்கிச் சுத்தமாக இருக்கிற, ராத்திரியில் பூட்டுகிற ஒரு மரக்கடை மாதிரியான இடத்துக்கு நாற்றமும் இல்லை, புகையும் இல்லை. மண்டலத்துக்கு ஒன்று போதும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர்: ஆறு இடம். மேம்பாலத்துக்கு அடியில்கூட வைக்கலாம். விலையை எழுதி ஒட்டுங்கள். தகரக் கொட்டகைக்குக் கதவு தேடுகிறவர், கழிவறைக்கு ஒரு ஜன்னல் தேடுகிறவர், நாலு முழம் சுவர் எழுப்ப இருநூறு கல் தேடுகிறவர் என்று எங்கள் பக்கத்தில் வாங்குபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கல் தட்டத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள். வயதானவர்கள்தான், ஆனால் சொல்லிக்கொடுப்பார்கள்.

மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம் போகும்போது திரிசூலத்தில் வெட்டுப்பட்ட மலை தெரியும். என் சின்ன வயசில் பார்த்ததைவிட இப்போது எவ்வளவோ சின்னது. நாங்கள் கட்டுகிற ஒவ்வொரு யூனிட் ஜல்லியும் அப்படி ஏதோ ஒரு மலை. கால்வாய் ஓரத்தில் கொட்டிக் கிடப்பதும் மலைதான். ஒரு மலையை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தலாம் என்று இருக்கும்போது நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

கடைசியாக ஒரு குறிப்பான விஷயம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டுக் கட்டிடம் இருக்கிறது. ஆள் புழக்கம் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. அகற்றப்போகிறார்கள் என்று சுவரில் எண் எழுதியிருக்கிறார்கள். சுவர் நேராக நிற்கிறது, உத்திரம் தொய்யவில்லை. நானும் அப்பாவும் போன ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்தே எண்ணிப் பார்த்தோம். மரக்கம்பி ஜன்னல் 14. இரட்டைக் கதவு 6, அதில் ஒன்றில் கீழ்ப் பலகை மட்டும் இற்றுப்போயிருக்கிறது. வாசலில் கருங்கல் படி 3. கூரை முழுக்க மங்களூர் ஓடு, உடைந்தது கொஞ்சம்தான். சுவர் சுண்ணாம்புக் கட்டு. கல் முழுசாக வரும் என்று அப்பா காரை பெயர்ந்த இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதற்கு டெண்டர் எழுதுபவர் உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. பட்டியலை வரைபடத்தோடு எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் சொல்லிவிட்டால் நல்லது. நனைந்த ஓட்டின் மேல் ஆள் ஏற்ற முடியாது.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து,
ஒரு பிரிப்பு மேஸ்திரியின் மகள்